வடக்கு ஓடையில் முதல் கழி

பழவேற்காட்டுக் கோட்டையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு, வடக்குக் காட்டு ஓடைக் கரையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கொசுக்கள் எங்களைவிட நலம்.

உன் கடிதம் கோட்டைக் கூடாரக்காரர்களோடு நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. தைப் பௌர்ணமியை ஒட்டித் துரை அவர்களும் துரைசானி அவர்களும் ஓய்வுக்காக இந்த ஓடைக்கு எழுந்தருள இருப்பதாகவும், கூடாரம் அடித்துத் தங்கித் தூண்டில் போட்டு மனம் ஆற இருப்பதாகவும், அந்த நாட்களில் நாங்கள் குடிசைகளைப் பிரித்து, கழிகளையும் வலைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு, ஓசைப்படாமல் ஊர் திரும்பினால் துரை மகிழ்வார் என்றும், இதையே இனி வருடந்தோறும் செய்தால் இன்னும் மகிழ்வார் என்றும் எழுதியிருக்கிறாய். அழகான எழுத்து. ஒரு சுழிகூடத் தப்பவில்லை. உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். பதில் இது: நாங்கள் போகமாட்டோம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நீ சாவகாசமாகப் படிக்கலாம். இன்று வாடைக் காற்று பலமாக இருப்பதால் எனக்கும் வேறு வேலை இல்லை. கடிதத்தை மடித்துத்தான் அனுப்புகிறேன், ஒட்டவில்லை. உனக்கு முன்னால் யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தமிழ் தெரியாதவர்களுக்கு நீயே படித்துச் சொல், அதற்குத்தானே உன்னைத் துபாஷிக்கு உதவியாக வைத்திருக்கிறார்கள்.

போன பங்குனியில் துரை முதன்முதலாக இங்கே வந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது ஓடையில் யாருடைய வலையும் இல்லை. காட்டில் கழி வெட்டுவதற்காக நாங்கள் ஒரு கரையில் இருந்தோம், நீங்கள் மறுகரையில் இறங்கினீர்கள். நீ துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றதால் முன்னால் நடந்தது சரியாகத் தெரிந்திருக்காது. நாங்கள் நன்றாகப் பார்த்தோம். மேசை இறங்கியது, நாற்காலிகள் இறங்கின, கூண்டோடு கோழிகள் இறங்கின, சமையல்காரர் இறங்கினார், கடைசியில் துரை இறங்கினார். கல்லால் கட்டிய கோட்டையும், மழை ஒழுகாத கூரையும், காவலுக்குப் பீரங்கியும் உள்ள ஒரு மனிதர், அதையெல்லாம் விட்டுவிட்டுத் துணிக்குக் கீழே படுக்க இவ்வளவு தூரம் படகில் வருகிறார் என்றால் கோட்டைக்குள் ஏதோ சரியில்லை என்று உன் பெரியப்பா கவலைப்பட்டார். ஓலைக்குக் கீழே படுக்கிற எங்களைக் கோட்டைக்குள் ஓய்வெடுக்க அழைத்தால் நாங்கள் ஓசைப்படாமல் போய் வருவோம் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். இதுவரை அழைப்பு வரவில்லை.

அப்புறம் அவர் தூண்டில் போட்டார். வெயில் ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மடவை மாட்டியது. நல்ல மடவை, உள்ளங்கையைவிடப் பெரியது. அதைக் கையில் எடுத்துத் துரைசானியிடம் காட்டினார், அந்த அம்மாள் சிரித்தார், துரை அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். எங்கள் கரையில் வேலை நின்றுபோயிற்று.

"இன்னாக்கா, புடிச்சத வுட்டுட்டாரு?" என்றாள் உன் சித்தி.

"சின்னதுனு நெனச்சிருப்பாரு" என்றேன்.

"சின்னதுன்னா கொழம்புக்கு. பெருசுன்னா விக்கறதுக்கு. வுடறதுக்குனு ஒரு அளவு கீதா இன்னா?"

பெரியப்பா கழியைச் சீவிக்கொண்டே, "அது தன் மீனு இல்லனு அவருக்கே தெரிஞ்சிட்சி. நல்ல மனுசன்" என்றார்.

மத்தியானம் அவர்கள் கூண்டைத் திறந்து கோழி சாப்பிட்டார்கள். மீன் பிடிக்க வந்த இடத்தில் மீனை விட்டுவிட்டு, கோட்டையில் இருந்த கோழியை இவ்வளவு தூரம் கொண்டுவந்து தின்பது எந்த சாஸ்திரம் என்று நாங்கள் கேட்கவில்லை. சாப்பிட்டபின் துரை நாற்காலியிலேயே தூங்கினார். வாய் திறந்திருந்தது. வருடம் முழுக்கத் துணிப் பொதிகளையும், அவற்றைவிடக் கனமான கணக்குகளையும் தூக்கிக்கொண்டு திரிகிறவர் அப்படித் தூங்குவதைப் பார்த்து எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. இந்த ஓடையில் நீர் கருப்பாக, சத்தமில்லாமல் போகிறது. நாவல் மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்திருக்கின்றன. வெளியே ஏரியில் பூநாரைகள் நிற்கும்போது மேகம் தரையிறங்கியதுபோல் இருக்கிறது. இதைப் பார்த்து இங்கே வந்து தங்கத் தோன்றாதவன் மனிதனே இல்லை. அவர் வரட்டும். வருவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. நாங்கள் போவதைப் பற்றித்தான்.

பாடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்தால் கோட்டைக் காற்றில் அது கொஞ்சம் ஆவியாகிவிட்டதுபோல் இருக்கிறது. ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. ஆகையால் ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு, எந்த நாட்களில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறோம். அந்த முறைதான் பாடு. இந்த வடக்கு ஓடை வருகிற தைப் பௌர்ணமியில் நம் கூட்டத்துக்கு விழுந்திருக்கிறது. வற்றும் நீரோடு இறால் இறங்கி வரும் நாட்கள் அவை. ஓடை வாயில் கழி நட்டு வலை கட்டினால் போதும், அதுவாக வந்து விழும். முறை வந்த நாளில் கழி நடாதவன் முறையை விட்டுக்கொடுத்தவன். ஏன் நடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சல், சாவு, புயல், துரை எல்லாம் ஒன்றுதான். அடுத்த கூட்டம் வந்து நட்டுவிட்டுப் போகும். அவர்கள் செய்வது தப்பும் இல்லை. அவர்கள் வீட்டிலும் உலை காய்கிறது.

"தெற்குக் கூட்டத்தாரோடு நம் முறை நாளை மாற்றிக்கொள்ளலாமே, கோட்டைக் காவல்காரர்கள் அப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். காவல்காரர்களுக்கு எந்த நாளிலும் அதே வாசல்தான். இறால் அப்படி இல்லை. ஆனால் நான் மறுப்பதற்குக் காரணம் இறால் மட்டும் இல்லை. என் நைனாவை, உன் தாத்தாவைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அவர் துணிக் கிடங்கில் பொதிகளுக்குக் குறி போடும் எழுத்துவேலை பார்த்தார் என்று மட்டும் தெரியும் உனக்கு. அதற்கு முன்னால் அவருக்குப் பாடு இருந்தது. ஒரு வருடம் அவர் தங்கை புருஷன் வந்து நின்றான். "மச்சான், எம் பொண்ணு கண்ணாலத்துக்கு ஊரே வருது, சோத்துல போட மீனு வாணும். ஒன் நாள எனக்குக் குடு, என் நாள நீ எடுத்துக்க" என்றான். நைனா கொடுத்தார். கல்யாணத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், நைனாவும் சாப்பிட்டார், தன் மீனையே பிறத்தியார் பந்தியில் உட்கார்ந்து பாராட்டினார். பதிலுக்குக் கிடைத்த நாள் வந்தபோது முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. அடுத்த சீட்டுக்குக் கூட்டம் கூடியபோது தங்கை புருஷன் எழுந்து, "அவரா குடுத்தாரு. நான் இன்னா புடுங்கிக்கினா வந்தேன்? அந்த நாள்ல கழி நட்டது எங் கை, எல்லாரும் பாத்தாங்க இல்ல?" என்றான். எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டம். சீட்டில் நைனாவின் இடம் அவனுக்குப் போயிற்று.

பாடு போன மனிதர் கோட்டைப் பக்கம் போனார், பொதிக்குக் குறி போடப் பழகினார், அதற்காக எழுத்துக் கற்றார், பிள்ளை வேறு இல்லாததால் அதை எனக்குக் கற்றுத்தந்தார். நான் உனக்குக் கற்றுத்தந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் நான் படித்ததும், நீ இன்று துரைக்குப் பக்கத்தில் நிற்பதும், ஒரு நல்ல மனிதர் ஒரு நாளை மாற்றிக்கொடுத்ததால் வந்த பேறு. அந்த வகைப் படிப்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறை போதும் என்பது என் அபிப்பிராயம்.

பாடு இல்லாத வீட்டுப் பெண்ணை யாரும் சீக்கிரம் கேட்டு வருவதில்லை. உன் நைனா கேட்டு வந்தார். என் படிப்பைப் பார்த்து அல்ல. நான் கரையில் நின்று ஒரு மீன் வியாபாரியை அதட்டியதைப் பார்த்து. அவர் மழைக்காலத்துக் காய்ச்சலில் போனபோது நீ மடியில் இருந்தாய். ஊர்க் கூட்டத்துக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒருவர், "ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பங்கு ஏது?" என்றார்.

"ஆம்பள கீறான்" என்றேன். "இப்ப பால் குடிச்சினு கீறான். குடிச்சி முடிச்சிட்டு வருவான்."

சிரித்துவிட்டார்கள். சிரித்த கூட்டம் மறுப்பது கடினம். உன் பெரியப்பா அந்தச் சமயம் பார்த்து ஒரு ஏற்பாடு சொன்னார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு பாட்டிலும் முதல் கழியை நடும்போது கூட்டத்தில் உள்ள எல்லா வீட்டுக் கையும் அதன்மேல் பட வேண்டும் என்பது நம் வழக்கம் அல்லவா, உனக்குக் கல்யாணம் ஆகும்வரை நம் வீட்டுக்காக என் கை படலாம். கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் பாட்டில் உன் கை பட வேண்டும். அன்றிலிருந்து என் கைக்கு மதிப்பு இல்லை. உன் கை படாவிட்டால் நம் வீட்டுக்குப் பங்கும் இல்லை. அப்படித்தான் இத்தனை காலமும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஆண்களோடு தண்ணீரில் இறங்கினேன். ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். பிறகு நான் கொஞ்சம் தாமதித்தால் அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்போது உனக்குக் கணக்குப் புரிந்திருக்கும். உன் கல்யாணம் தை பிறந்ததும். பாடு பௌர்ணமிக்கு மறுநாள் காலை. அதே காலையில் துரைக்கு நீ பக்கத்தில் வேண்டும். யாரும் சதி செய்து இப்படி அமைக்கவில்லை. நிலா அதன் போக்கில் வளர்கிறது, துரைக்கு நிலவொளியில் ஓடையைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

கல்யாணத்தைப் பற்றித் தாய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், சொல்கிறேன். துரைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசிப் பேசி உனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதையே அவரவரிடம் சொல்கிறாய். துரையிடம், "அம்மா சம்மதிப்பாள்" என்றிருப்பாய். என்னிடம், "துரை உத்தரவிடவில்லை, விரும்புகிறார்" என்கிறாய். கோட்டையில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர், சம்பளமும் உண்டு. வீட்டில் இதற்கு வேறு பெயர், சோறுகூடக் கிடைக்காது. உன்னைக் கோட்டைக்கு அனுப்பியவள் நான், அதனால் இந்தப் பழக்கத்துக்கு நானும் கொஞ்சம் பொறுப்பு. ஆனால் உனக்குப் பேசியிருக்கும் பெண்ணிடம் இது ஒரு நாளும் செல்லாது. போன வாரம் அவளும் அவள் அம்மாவும் கடற்கரைக் குப்பத்திலிருந்து இங்கே வந்திருந்தார்கள். துரை வரப்போகும் செய்தி படகுக்காரர்கள் மூலம் அவர்கள் காதுக்கு முன்பே போயிருக்கிறது. அவள் அம்மா சுற்றி வளைத்து, மாப்பிள்ளைக்குப் பாடு நிலைக்குமா என்று ஆழம் பார்த்தாள். பெண் சுற்றி வளைக்கவில்லை.

"அத்தே, ஒங்க புள்ள அன்னிக்குக் கழி புடிப்பாரா, கொட புடிப்பாரா?"

"ஏன்டி, வாய மூடுடி" என்று அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

"இன்னாம்மா கிள்ற? கட்டிக்கப்போறது நானு. எந்தக் கையினு தெரிஞ்சிக்க வாணாவா?"

கேட்டு எழுதுகிறேன் என்றேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ அவளுக்குப் பயப்படுவாய், அது நல்லதுதான்.

இனி நேற்று நடந்தது. கூடாரக்காரர்கள் உன் கடிதத்தை என் கையில் கொடுத்த சூட்டோடு, நாங்கள் இறால் காயப்போடச் சுத்தம் செய்துவைத்திருக்கும் மேட்டில் முளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கடிதத்தைப் படித்து முடித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தேன். பிறகு போய் அந்தத் தலைவரிடம் பேசினேன். தாடி வைத்த பெரிய மனிதர், மரியாதையானவர்.

"யம்மா, தொரை இந்த எடத்ததான் காட்டினாரு" என்றார்.

"எதுக்குக் காட்டினாரு?"

"ஓய்வா இருக்கணும்னு."

"இங்கதான் இறா காயப்போடுவோம். பாடு ஆரம்பிச்சா நாத்தம் கொடலப் புடுங்கும். அதுல ஓய்வு வருமா, வாந்தி வருமா?"

அவர் மண்ணை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். போன பாட்டின் வாசனையே மிச்சம் இருந்தது.

"நீங்க போவப் போறீங்கனு சொன்னாங்களே?"

"சொன்னவன் எம் புள்ள. சொல்றது அவன் தொழிலு. அதோ மேல பாரு, அந்த வளைவுல நாவ மரத்தடி. நெழலு, மெத்துனு மண்ணு, ஒரு சத்தம் வராது. மீனே வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும்."

"அங்க மீனு மாட்டுமாம்மா? மாட்டலன்னா எனக்குப் பேஜாரு."

பெரியப்பா குடிசைக்குள்ளிருந்து, "மாட்டி இன்னா பண்ணப்போறாரு? வுடத்தானே போறாரு!" என்று குரல் கொடுத்தார்.

கூடாரக்காரர் தாடிக்குள் சிரித்தார். முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மேல் வளைவில் கூடாரம் எழும்பிவிட்டது. நானும் உன் சித்தியும் போய் முள் எல்லாம் வெட்டிக் கொடுத்தோம், குடிக்க நல்ல தண்ணீர் ஊறும் இடத்தைக் காட்டினோம். துரைசானிக்கு உட்கார மணல் கொட்டி மேடு செய்திருக்கிறோம். துரையிடம் இப்படிச் சொல்: அவர் எங்கள் விருந்தாளி. எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், எத்தனை மீனை வேண்டுமானாலும் பிடித்து விடலாம், கீழே ஓடை வாயில் நாங்கள் இருப்போம். ஆனால் உன் கடிதத்தில் உள்ள 'வருடந்தோறும்' என்ற சொல்லைத் திருப்பி அனுப்புகிறேன். விருந்தாளி அழைத்தால் வருகிறவர். வருடந்தோறும் வருகிறவருக்கு நாளைக்குக் கரை தன்னுடையது என்று தோன்றும். இந்தத் துரைக்குத் தோன்றாமல் இருக்கலாம். அவர் கப்பல் ஏறித் தங்கள் தலைமை இடமான பத்தாவியாவுக்குப் போனபின் வருகிற துரைக்கு, ஏற்கெனவே எல்லோரும் எழுந்துபோகிற வழக்கம் ஒன்று இங்கே தயாராக இருக்கும். அவர் அதைக் கண்டுபிடித்தவர்கூட இல்லை, கையாள்கிறவர் மட்டும். யாரிடம் போய் நாம் சண்டை போடுவது?

இந்தத் துரை கோபித்துக்கொள்ளக்கூடும். உன் வேலை போகக்கூடும். அதை நான் லேசாக எழுதவில்லை. நீ அந்த வேலையை விரும்புகிறாய், அதில் கெட்டிக்காரன், உன்னை அங்கே நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது உன் முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். கோட்டை வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கழி நட்ட கையோடு கரையேறி, துணி மாற்றிக்கொண்டு, மேல் வளைவுக்குப் போய் நாள் முழுக்க மொழிபெயர். ஆனால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் எது மிஞ்ச வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. கோட்டை உனக்கு வேலை கொடுத்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளவும் அதனால் முடியும். பாட்டை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. நீயாகத்தான் விட வேண்டும்.

அன்று காலை நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏறிய நீர் நின்று திரும்பும் நேரத்தில் பெரியப்பா ஓடை வாயில் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீடு வீடாகச் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவராக இறங்கிப் போய்க் கை வைப்பார்கள். நம் வீட்டு முறை வரும்போது, "இந்த வூட்டுக் கை எங்க?" என்று கேட்பார். ஒரு தடவைதான் கேட்பார். நான் கரையில்தான் நிற்பேன், எனக்கு இறங்க உரிமை இல்லை. பழக்கத்தில் கால் தண்ணீரை நோக்கி நகர்ந்தால் உன் சித்தி என்னைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். பிறகு அவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிடுவார். தம்பி மகன் என்று காத்திருக்கமாட்டார், காத்திருக்கவும் கூடாது.

துரையிடம் என்ன சொல்லி அனுமதி வாங்குவாயோ, அந்த மொழி உனக்குத்தான் தெரியும். எங்கள் மொழியில் நீ சொல்ல வேண்டியது "இதோ" ஒன்றுதான். சட்டையைக் கழற்றிவிட்டு வா. அந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வரும், மார்கழிக் குளிர் அதை விட்டுப் போயிருக்காது.

அம்மா